எதுக்கும் இருக்கட்டும்

1998 ஆகஸ்டில் ஜெஸ்ஸிக்குச் செங்கல்பட்டில் அரசு நர்சிங் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கல்பாக்கத்தில் அணுமின் நிலைய ஊழியர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா இனியன், அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டிப்போ முழுக்கக் காட்டினார்.

அடுத்த ஞாயிறு சபையில் ஜெஸ்ஸி அதே கடிதத்தைக் கேசவன் பாஸ்டரிடம் கொடுத்துவிட்டாள். 1999 முடிவதற்குள் கர்த்தர் வந்துவிடுவார் என்று அவர் ஒரு வருஷமாகப் பிரசங்கித்துவந்தார். மூன்று வருஷப் படிப்பு எதற்கு, மிச்சமிருக்கும் நாட்களை ஊழியத்துக்குக் கொடு என்றார். படிப்பை விட்டுவிட்டதாக ஜெஸ்ஸி மேடையேறிச் சாட்சி சொன்னாள். பாஸ்டர் கடிதத்தை உயர்த்திக் காட்ட, சபை கைதட்டியது.

இனியன் மட்டும் கைதட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், "சேந்து படி பாப்பா. அவரு வரும்போது படிச்சினு இருக்கறவள மட்டும் வுட்டுட்டா போவப் போறாரு?" என்றார். அவள் கேட்கவில்லை. சேர வேண்டிய தேதி கடந்துபோயிற்று.

அவள் பேச்சைக் கேட்டு இன்னொருத்தியும் மனம் மாறினாள். பார்வதம் அக்கா, புதுப்பட்டினத்தில் பால்வாடி டீச்சராக இருந்தவள், மறுமாதமே வேலையை விட்டாள். ஜெஸ்ஸிக்கு அது பெருமையாக இருந்தது. இரண்டு பேருமாக மீனவர் குப்பங்களில் நோட்டீஸ் கொடுத்து நடந்தார்கள்.

பாஸ்டரின் மகள் பிரதீபாதான் ஜெஸ்ஸிக்கு உயிர்த் தோழி. 1999 ஜூலையில் அவள் கோயம்புத்தூருக்குப் போனாள். அங்கே அத்தை வீட்டில் தங்கி ஊழியம் செய்வதாகப் பாஸ்டர் சபையில் சொல்லி, ஜெபிக்கவும் வைத்தார். ஜெஸ்ஸி அவளுக்காகத் தினமும் ஜெபித்தாள்.

ஆயுத பூஜை விடுமுறைக்குப் பிரதீபா வந்திருந்தாள். தலைவலிக்கிறது, பையில் தைலம் இருக்கும், எடு என்றாள். தைலத்தைத் தேடிய ஜெஸ்ஸியின் கையில் ஓர் அடையாள அட்டை சிக்கியது. பிரதீபாவின் போட்டோ. கீழே பி.எஸ்சி. நர்சிங். அதற்கும் கீழே, 1999–2003.

ஜெஸ்ஸி அந்த 2003ஐயே பார்த்துக்கொண்டு நின்றாள். பிரதீபா அட்டையைப் பிடுங்கவில்லை. தலையைக் குனிந்தபடி, "அப்பாதான் சேத்து வுட்டாரு. உன்னாண்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு" என்றாள்.

பாஸ்டர் கூடத்தில் உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். ஜெஸ்ஸி அட்டையை அவர்முன் வைத்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னாம்மா பண்றது, பொண்ணப் பெத்தவன். எதுக்கும் இருக்கட்டும்னு சேத்தேன்."

"அந்த எதுக்கும் இருக்கட்டும்ன்றத எனக்கு ஏன் ஐயா சொல்லல?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜெபம் பண்ணலாமா என்று கேட்டார். ஜெஸ்ஸி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

நேராகப் பார்வதம் அக்கா வீட்டுக்குத்தான் போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அக்கா பாஸ்டரைத் திட்டவில்லை. "நான் அவரு சொன்னதுக்கா வுட்டேன்? நீ சொன்னதுக்கு வுட்டேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏமாந்தவள் என்று மட்டும் தன்னைச் சொல்லிக்கொள்ள முடியாதென்பது அந்த வாசலில்தான் ஜெஸ்ஸிக்குத் தெரிந்தது.

பல நாள் வேதத்தைத் திறக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. திறந்தபோது, பாஸ்டர் எப்போதும் பிரசங்கிக்கும் பத்துக் கன்னியர் உவமைக்கே போனாள். இந்த முறை தானாகப் படித்தாள். மணவாளனுக்காக விளக்கோடு காத்திருக்கும் பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். தூங்கியதற்காக யாருக்கும் தண்டனை இல்லை. மணவாளன் வர நேரமாகலாம் என்று நினைத்துக் கூடுதலாக எண்ணெய் கொண்டுவந்தவர்களைத்தான் புத்தியுள்ளவர்கள் என்று சொல்லியிருக்கிறது. சீக்கிரம் வந்துவிடுவார் என்று விளக்கை மட்டும் எடுத்துவந்தவர்கள்தான் வெளியே நின்றார்கள். இத்தனை பிரசங்கத்தில் இதை ஒருமுறைகூட அவர் சொல்லவில்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

2000 ஜனவரி முதல் ஞாயிறன்று, கர்த்தர் இரங்கித் தவணை கொடுத்திருக்கிறார் என்று கேசவன் பாஸ்டர் சொன்னாராம். சபை அல்லேலூயா சொல்லியதாம். ஜெஸ்ஸி அன்றைக்கு அங்கே இல்லை. செங்கல்பட்டில் வேறொரு சபையின் கோயிலில், கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

விட்ட இடம் திரும்பக் கிடைக்கவில்லை. கிடைத்தது கிராம நர்ஸ் பயிற்சி. படித்து முடித்துக் காத்திருந்து, 2004இல் அச்சரப்பாக்கம் பக்கத்தில் ஒரு துணை சுகாதார நிலையத்தில் சேர்ந்தாள். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தாள். கர்ப்பிணிகளிடம் ஏழாம் மாதமே பிரசவத்துக்கு வண்டி பேசி வைக்கச் சொல்வாள். வைத்தார்களா என்று எட்டாம் மாதம் போய் விசாரிப்பாள்.

2005இல் பிரதீபாவின் கல்யாணப் பத்திரிகை வந்தது. அதன் ஓரத்தில், வந்துவிடு ஜெஸ்ஸி, என்று கையால் எழுதியிருந்தாள். கல்யாணத்தன்று ஜெஸ்ஸிக்கு வேலை எதுவும் இல்லை. போகவில்லை. மறுவாரம் பிரதீபா போன் செய்து, தடுப்பூசி முகாம் இருந்ததா என்று கேட்டாள்.

"இல்ல" என்றாள் ஜெஸ்ஸி. "வரத் தோணல." பிறகு மாப்பிள்ளைக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள்.