நவராத்திரிக்கு மலை மண்

எட்டு வயதில், எனக்கு வாசிக்கத் தெரியாத ஒரு பலகையை வாசித்துச் சொன்னேன்.

அம்மாவும் நானும் வெளிநாட்டுக்கு வந்து, பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேலில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நவராத்திரிக் கும்பத்தைச் சுற்றி மண்ணில் நவதானியம் தூவவேண்டும். "நல்லா முளைச்சா அப்பா கெதியா வருவார்," என்றார் அம்மா. பூங்கா மண் அவருக்குச் சரிவரவில்லை. "நாய் போற மண்ணிலயோ சாமி வைக்கிறது?"

எனவே மாமா என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே மலைப்பக்கம் போனார். காட்டுக்குள் சரிந்த கம்பிவேலி. அதில் துருப்பிடித்த பலகை.

"பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்தானே போறாய், வாசி பாப்பம்."

பள்ளியில் சேர்ந்து ஐந்து வாரம். எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது.

"குப்பை போடக்கூடாதாம், மாமா."

"அப்ப துப்புரவான இடம்தான்," என்று வேலியைத் தாண்டினார்.

மலையின் அந்தப் பக்கம் முழுவதும் வட்ட வட்டக் குழிகள், துரு நிறத் தண்ணீர். மரங்கள் பாதியில் முறிந்து, பட்டையின்றி நின்றன. ஒரு குருவியின் சத்தமும் இல்லை. ஏனென்று தெரியாமலே இருவரும் குசுகுசுத்துக் கதைத்தோம். "புல்லு வேரே இல்லை, அரிக்கத் தேவையில்லை," என்று மாமா வாளியை நிரப்பினார். நானும் இரு கைகளாலும் அள்ளிப் போட்டேன்.

ஒன்பது நாளும் ஒன்றும் முளைக்கவில்லை. விதைகள் அழுகக்கூட இல்லை, தூவியபடியே கிடந்தன. அந்தப் பக்கம் பார்க்காமல் விளக்கேற்ற அம்மா பழகிக்கொண்டார். என் பொய்யால்தான் அப்பா வரப்போவதில்லை என்று நம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை.

சித்திரையில் அப்பா வந்துவிட்டார். சாமி மண்ணை எறிய மனமில்லாமல் அம்மா அதைப் பல்கனியில் வைத்திருந்தார். அப்பா ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

"இது எங்கத்தை மண்? ஆமிக்காரர் குண்டு போட்டுப் பழகின இடமோ?"

"இங்க என்ன ஆமி, அத்தான்?" மாமா சிரித்தார்.

"ஊரிலை எங்கட மலைக்குக் குண்டு அடிச்சவங்கள். பேந்து எத்தினை மழை பெய்தும் இந்த மணம்தான். பலகை ஒண்டும் இருக்கேல்லையோ?"

மாமா என்னைப் பார்த்தார். "குப்பை போடக்கூடாதெண்டு இருந்தது."

"ஆர் அள்ளினது?"

நான் கைகளை நீட்டினேன். அப்பா குழாயடிக்குக் கூட்டிப்போய் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். முகர்ந்தார். மீண்டும் கழுவினார். மண் அள்ளி ஆறு மாதமாகியிருந்தது.

இப்போது கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்திலிருந்து வந்ததும் என் மகளின் கைகளை முகர்ந்து பார்க்கிறேன். பிள்ளையைப் பயப்படுத்துகிறேனோ, தெரியவில்லை. அன்று அப்பா என் பொய்யைத்தான் கழுவுகிறார் என்று நினைத்து, அது போகட்டும் என்று அசையாமல் நின்றேன்.