வாசித்துக் காட்டிவிட்டு எழுதுங்கள்

தமயந்திக்கு மருத்துவம் ஒன்றும் தெரியாது. ஊசி போடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் கொடைக்கானல் மலைக் கிராமங்களில் ஐம்பதுகளின் கடைசியில் தொடங்கிய குழந்தைகள் நல ஆய்வு அவள் இல்லாமல் ஒரு நாள்கூட நகர்ந்திருக்காது. பிள்ளைகளை எடை பார்க்கும் நர்ஸாக நான் அங்கே இருந்தேன். அதனால் தெரிந்துதான் சொல்கிறேன்.

நாயுடுபுரத்தில் ஒரு வாடகை வீடுதான் அலுவலகம். முன்னறையில் டாக்டர் குருநாதன், பின்னறையில் பால் பவுடர் டின்கள், இரண்டுக்கும் நடுவில் தமயந்தியின் மேசை. எந்த ஊருக்கு என்றைக்குப் போவது, சுமைக்கு யாருடைய பொதிக்குதிரை, ஊசி கொதிக்க வைக்க மண்ணெண்ணெய் இருக்கிறதா, பூண்டு நடுகிற நாளில் போய்ப் பூட்டிய வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் இருப்பது எப்படி, எல்லாம் அவள் பொறுப்பு. மலைக்காரர்கள் எங்களை 'எடைக்கார ஆபீஸ்' என்பார்கள்.

அவள் பழனிக்காரி. தகப்பனார் அவள் பிறக்கும் முன்பே போய்விட்டார். தாயார் விசாலாட்சி கிரிவீதிப் பக்கம் யாத்திரிகர்களுக்கு அறை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தைப்பூசக் கூட்டத்துக்கு வெந்நீர், பாய், மொட்டை போட ஆள், திரும்பிப் போக வண்டி என்று ஓடியாடி வளர்ந்தவளுக்கு டாக்டர்களையும் குதிரைக்காரர்களையும் கட்டி மேய்ப்பது பெரிய வேலையாகத் தெரியவில்லை. "அரோகரா சொல்லத் தெரியாத காவடிக் கூட்டம் நீங்க" என்று எங்களைச் சொல்வாள். பணிந்து பேசும் பழக்கம் மட்டும் அவளுக்கு வரவே இல்லை.

ஒரு வருஷம், எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பாலும் கடலை மாவும் கொடுப்பதென்று முடிவாயிற்று. கூட்டத்தில் அந்தப் பிள்ளைகளைச் சட்டென்று அடையாளம் காண வேண்டும். தமயந்தி காடாத் துணியைப் பட்டை பட்டையாகக் கிழித்தாள். பழனியில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வரவழைத்து ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சொல்லைப் பதித்தாள். 'சவலை.' மூன்றே எழுத்தில் விஷயம் முடிந்தது என்று அவளுக்குத் திருப்தி. டாக்டருக்கும் திருப்தி.

அந்தப் பட்டைகளோடு வெள்ளகவிக்குப் போனோம். ஜீப் போகாத ஊர். ஒற்றையடிப் பாதையில் நடந்து இறங்க வேண்டும், ஊர் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஊரே கோயில் என்பது அவர்கள் எண்ணம். நான் எடை பார்த்தேன், தமயந்தி பட்டை கட்டினாள். சோலையம்மாள் என்பவளின் மகள், கக்குவான் இருமலில் உருகிப்போன பிள்ளை. அதன் கையிலும் பட்டை ஏறியது.

சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது கூட்டத்தில் ஒரு சிரிப்புக் கேட்டது. அந்த ஊர்க்காரரான எங்கள் குதிரைக்காரர் பொன்னுவேல் எதையோ உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் அவர். அது தெரியும் என்பதை ஊர் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்வார். வழக்கமான கேலி என்று நாங்கள் கிளம்பி வந்துவிட்டோம்.

அடுத்த வாரம் பொன்னுவேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"ஆபீசம்மா, வெளையாட்டாச் சொன்னது வெனையாப் போச்சுங்க."

"என்ன சொன்னீங்க?"

"சோலையம்மா பிள்ளை கையில இருந்ததை வாசிச்சேங்க. 'ஏ அழகம்மா மதினி, உம் பேத்தி சவலையாம்ல! உம் மகன் திருமலைச்சாமி ஏலக்காட்டுக்குப் போயி வருசமாகப் போகுது, அங்கன இருந்தே அனுப்பி வச்சானோ'ன்னு கேட்டுப்புட்டேன்."

தமயந்திக்குப் புரியவில்லை. அவர் விளக்க வேண்டியிருந்தது. பழனியில் மெலிந்த பிள்ளை எதுவானாலும் சவலைதான். வெள்ளகவியில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள். தாய் அடுத்ததைச் சுமக்கிறாள், அதனால் தாய்ப்பால் மறக்கடிக்கப்பட்டு இளைத்துப்போன பிள்ளை. புருஷன் ஊரில் இல்லாதவளின் பிள்ளை கையில் அதை எழுதிக் கட்டினால் ஊருக்கு வேறு சாட்சி வேண்டாம். மாமியார் அழகம்மாள் மருமகளைப் பிள்ளையோடு மாட்டுக்கொட்டகைக்கு விரட்டிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை ஊர்க்கூட்டம். தாய் வீட்டுக்கே அனுப்பிவிடுவது என்று பேச்சு.

தமயந்தி நேரே முன்னறைக்குப் போனாள். டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வெள்ளகவியை விட்டுடுவோம். பள்ளங்கியில பிள்ளைகளைக் கூடச் சேர்த்துக்கலாம்."

"இந்தக் கடையில கத்திரிக்காய் சொத்தைன்னா அடுத்த கடையில வாங்குற மாதிரி சொல்றீங்க, சார்."

"அப்ப நர்ஸைக் கூட்டிட்டுப் போங்க. பரிசோதனை பண்ணி, கர்ப்பம் இல்லைன்னு சொல்லிட்டா முடிஞ்சது. ஊர்க்காரங்க கேட்கலைன்னா பாலை நிறுத்திடுவோம்னு சொல்லுங்க."

"போறேன். ஆனா பாலை வச்சுப் பேரம் பேச மாட்டேன்."

"இது என் ஆர்டர்."

"எழுதி மேசையில வைங்க. வந்து படிச்சுக்கறேன்."

திங்கட்கிழமை விடியற்காலையில் வெள்ளனே இறங்கினோம். சோலையம்மாள் கொட்டகையில் சாக்கு விரித்துப் பிள்ளையை மடியில் போட்டிருந்தாள். இருபது வயது இருக்கலாம். அழுத முகமாகத் தெரியவில்லை. நான் பையைத் திறந்து, ஒரு நிமிஷ வேலை, பார்த்துவிட்டால் உன் பேர் தெளிந்துவிடும் என்றேன்.

"நீங்க தப்பா எழுதுவீங்க. நான் வயித்தைக் காட்டணுமா?" என்றாள். "எழுதுனதைப் போயிச் சோதிச்சுப் பாருங்க."

"ஊர்க்கூட்டத்துல கேப்பாங்களேம்மா."

"கேக்கட்டும். இன்னைக்கு நான் காட்டுனா நாளைக்கு எவ பிள்ளை மெலிஞ்சாலும் அவளும் காட்டணும். காட்ட மாட்டேன்."

நான் பிரசவம் பார்க்கப் படித்தவள். உடம்பைப் பரிசோதிப்பது எனக்குப் பாத்திரம் கழுவுவது மாதிரி. அவள் மறுத்தது முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. தமயந்திதான் என் பையை மூடினாள். "சரியாத்தான் சொல்றா. வாங்க."

கோயில் முன்னால் ஊர் கூடியிருந்தது. பெரியவர் ஆண்டிச்சாமி நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எழுத்து பொய் சொல்லாதும்மா. அதுவும் ஆபீசு எழுத்து" என்றார்.

"எழுத்து என்னுது. ஸ்டாம்பு என்னுது. தப்பும் என்னுது" என்றாள் தமயந்தி.

"அப்ப நர்சம்மா பாத்துச் சொல்லிப்புடட்டும். சோலி முடிஞ்சது."

"பாக்க மாட்டாங்க. பாக்கத்தான் வேணும்னா பட்டை கட்டின பிள்ளைக அத்தனைக்கும் ஆத்தாளைப் பாக்கணும். உங்க மருமக பிள்ளை கையிலயும் நான் கட்டியிருக்கேன். அங்கேயிருந்து ஆரம்பிக்கலாமா?"

ஆண்டிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பழனிக்காரிக்கு நாக்கு நீளம்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நீளந்தான்" என்று திரும்பினாள் அவள். "கேட்டுக்கங்க. எங்க அம்மாவுக்கு நான் கடைசிப் பிள்ளை. நான் வயித்துல இருக்கையிலயே அப்பா போயிட்டாரு. நோஞ்சானா இருந்தேன். எங்க தெருவே என்னைச் சவலைன்னுதான் கூப்பிட்டுச்சு. அதுக்காக எங்க அம்மாவை யாரும் கொட்டாயில தள்ளலை. இந்த ஊருக் கணக்குப்படி எங்க அம்மாவைப் பத்தி என்ன சொல்லணுமோ, இப்ப என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

செத்துப்போன தகப்பனையும் கைம்பெண்ணான தாயையும் வைத்து ஒருத்தி எதிரே நின்று கேட்டால் என்ன சொல்வது? அழகம்மாள்தான் எழுந்து இரண்டடி முன்னால் வந்தாள்.

"ஏம்மா, நெசமாவா? உங்க பழனியில ஒல்லிப் பிள்ளைக்கெல்லாம் சவலைம்பாங்களா?"

"ஆமா."

"அப்ப குண்டுப் பிள்ளைய என்னம்பாங்க? கும்பகர்ணனா?"

கூட்டம் சிரித்தது. அழகம்மாள் சிரிக்கவில்லை. ஊரைப் பார்த்துத் திரும்பினாள். "இம்புட்டுப் படிச்ச பொம்பளைக்குத் தமிழ் தெரியலை. அதுக்குப் போயி எம் மருமகளைக் கொட்டாயில கெடக்க வச்சுப்புட்டீங்களே!" விரட்டியது வேறு யாரோ என்பது போல இருந்தது பேச்சு.

வழி திறந்துவிட்டது. ஆனால் அந்த வழியாகப் போக வேண்டுமென்றால் தனக்குத் தமிழ் தெரியாது என்பதைத் தமயந்தி ஒத்துக்கொள்ள வேண்டும். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவள்.

"தெரியலைதான்" என்றாள்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டுப் பட்டையை அவிழ்த்தாள். எல்லாவற்றையும் பால் காய்ச்சும் அடுப்பில் போட்டாள். துணி எரிந்த நாற்றத்தோடுதான் அன்றைக்குப் பால் கொடுத்தோம்.

அழகம்மாள் கொட்டகை வாசலில் போய் நின்றாள். "ஏ புள்ள, எந்திரி. ஒல கொதிக்குது."

சோலையம்மாள் அசையவில்லை. "உள்ள வந்து நீங்க பிள்ளையத் தூக்குங்க. வர்றேன்."

மாமியார் வெளியே, மருமகள் உள்ளே. அப்புறம் அழகம்மாள் குனிந்து உள்ளே போய்ப் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏலக்காட்டிலிருந்து திருமலைச்சாமி வந்தபோது அவன் காதில் போட ஊரில் ஒன்றும் மிச்சமில்லை.

அலுவலகத்தில் டாக்டர் மெமோ வைத்திருந்தார். தமயந்தி அதைப் படித்து, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி, அவர் மேசையிலேயே வைத்துவிட்டாள். அடுத்த சுற்றுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் வெறும் வெள்ளைப் பட்டை.

"மெலிஞ்ச பிள்ளை எதுன்னு எப்படித் தெரியும்?" என்று டாக்டர் கத்தினார்.

"எடை பாக்கறோமே சார், அது எதுக்கு?"

அடுத்த முறை வெள்ளகவிக்குப் போனபோது சோலையம்மாள் முதலாவதாக வந்தாள். பிள்ளையைத் தானே தராசில் உட்கார வைத்தாள். பிள்ளை கொஞ்சம் தேறியிருந்தது. நான் பென்சிலை எடுத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, எழுதப் போறதை வாசிச்சுக் காட்டிட்டு எழுதுங்க."

எடையைச் சொன்னேன். 'கக்குவான் இருமல், தேறி வருகிறது' என்று சொன்னேன். ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "சரி, எழுதுங்க" என்று கையை விட்டாள்.

தமயந்தி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எல்லா ஊருக்கும் அதுவே சட்டம் என்றாள். எந்தப் பிள்ளையைப் பற்றி எதை எழுதினாலும் முதலில் தாய் கேட்க வேண்டும். வரிசை நகரவில்லை என்று டாக்டர் குறைப்பட்டார். "வெள்ளனே கெளம்புனா வெரசா முடியும் சார்" என்றாள். மலைப் பேச்சு அதற்குள் அவள் நாக்கில் ஏறியிருந்தது.

ஆய்வு முடிகிற வரை அந்தச் சட்டம் இருந்தது. பள்ளங்கியில் ஒரு நாள் கூட்டம் அதிகம் என்று டாக்டரே உட்கார்ந்து எழுதினார். ஒரு தாய் அவர் பேனாவின் மேல் கையை வைத்து மறித்தாள். "வாசிச்சுக் காட்டுங்கய்யா." அவர் தமயந்தியைத் தேடினார். அவள் பால் டின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

அவர் வாசித்தார்.