நீல நூல் கட்டிய போத்தல்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு சின்னத் தைலப் போத்தல் இருக்கிறது. அதன் கழுத்தில் நீல நூல் சுற்றியிருக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு தாய், தன் போத்தல் மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாதென்று கட்டிய நூல் அது. அந்த நாட்களில் மருந்து வாங்க வருபவர்கள் வெறும் போத்தலை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தர்மபுரத்துக்கு அப்பால் ஒரு குடியேற்றத்தின் அரசாங்க மருந்தகத்தில், யன்னலுக்கு உள்ளே நின்று அவற்றை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

யன்னலுக்கு வராத போத்தல் ஒன்றும் இருந்தது. அது ரீச்சருடையது. ரீச்சர் அங்கே கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். ஒருநாள் வகுப்பிலேயே வலிப்பு வந்து, வாயில் நுரை தள்ள, பிள்ளைகள் முன்னால் விழுந்துவிட்டார். பேய் பிடித்தவளிடம் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்று பெற்றோர் அதிபரிடம் போய் நின்றார்கள். ஜெபக்கூடத்துப் போதகர் அவருடைய தலையில் கைவைத்து ஜெபித்தார். அதே கிழமை எங்கள் டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். வலிப்பு நின்றது. ஆறு மாதம் கழித்து ரீச்சர் ஜெபக்கூடத்தில் எழும்பி, ஒரு குளிசையும் இல்லாமல் கர்த்தர் தன்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னார். வகுப்பு மறுபடி நிறைந்தது.

மறுநாள் மருந்தகம் பூட்டும் நேரம் பார்த்துப் பின்கதவால் வந்தார்.

"தம்பி, இனி நான் வரிசையிலை நிக்கேலாது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

சத்தியம் செய்து கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. ஞாயிறுதோறும் கூடத்திலிருந்து அல்லேலூயா கேட்கும்போது, இவர்களின் அற்புதம் மாதாமாதம் என் கையால்தான் போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன். இளவயதுத் திமிர்.

நீல நூல்காரி எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து குடியேறியவள். அவளுடைய ஏழு வயது மகளுக்கும் அதே வலிப்பு, அதே வெள்ளைக் குளிசை. ஒரு மாதம் அவள் வரவில்லை. சந்தையில் கண்டு கேட்டேன்.

"டீச்சரம்மாவே குளுசை இல்லாம நல்லாருக்காங்களே ஐயா. நாங்களும் ஜெபம் பண்றோம்."

கண்டபடி ஏசினேன். "பிள்ளையைச் சாகக் குடுக்கப் போறாய்" என்று சந்தையே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். ரீச்சருக்குச் சத்தியம், இவளுக்கு ஏச்சு. சொல்ல வேண்டிய அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லவில்லை. இதை எழுதும்போதும் அவரை 'அவர்' என்றும் இவளை 'அவள்' என்றும்தான் என் கை எழுதுகிறது.

அன்று பின்னேரமே ரீச்சரிடம் போய், நீங்களாவது அவளுக்குச் சொல்லுங்கோ என்று கெஞ்சினேன். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"சொன்னால் என்னைப் பள்ளிக்கூடத்தாலை எழுப்பிப்போடுவினம் தம்பி. அந்தப் பிள்ளைக்காக நான் ஒவ்வொரு நாளும் ஜெபிக்கிறன்."

அவர் உண்மையாகவே ஜெபித்தார். எனக்கு இன்றுவரை ஆறாத ஆத்திரம் அதுதான்.

பிள்ளை வாய்க்காலில் குளித்துக்கொண்டு நின்ற இடத்தில் வலிப்பு வந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் குப்புறக் கிடந்தாளாம். எட்டாம் நாள் காரியம் முடிந்து தாய் யன்னலுக்கு வந்தாள். போத்தலில் பாதிக் குளிசை மிச்சமிருந்தது.

"வேற யாருக்காச்சும் குடுங்க ஐயா. டீச்சரம்மாவுக்கு இருந்த விசுவாசம் எங்களுக்கு இல்லாமப் போச்சு."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. போத்தலை வாங்கி வைத்தேன்.

அந்த மாதம் சண்டையால் பாதை பூட்டி, வவுனியாவிலிருந்து மருந்து வரவில்லை. ரீச்சர் வழக்கம்போலப் பின்கதவால் வந்தார். நீல நூல் போத்தலை அவர் கண் முன்னாலேயே கவிழ்த்து, அவருடைய போத்தலில் கொட்டினேன். "இது அந்தப் பிள்ளையின்ரை குளிசை ரீச்சர்" என்று வேண்டுமென்றே சொன்னேன். அவர் குளறி அழவேண்டும் என்று விரும்பினேன். போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எத்தினை நாளுக்குக் காணும் தம்பி?" என்று கேட்டார்.

ரீச்சர் ஓய்வு பெற்று, நல்ல வயதுவரை இருந்து, நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தார். கடைசிவரை வலிப்பு வரவில்லை. இனி என் சத்தியத்தால் காப்பாற்றப்பட யாரும் இல்லை. போன வருடம் கிளிநொச்சிச் சந்தையில் அந்தத் தாயைக் கண்டேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் ஐயா உண்மையச் சொன்னீங்க. நான்தான் கேக்கல."

வீட்டுக்கு வந்து போத்தலைக் கையில் எடுத்தேன். மகள் நினைவாக அவளிடமே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. கொடுத்தால், உள்ளே இருந்த குளிசைகள் யாருக்குப் போயின என்று கேட்பாள். திரும்ப மேல்தட்டில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன்.