இறங்கியிருந்த ஃபுட்ரெஸ்ட்

பேய் என்றால் ராத்திரிதான் வரும், நாய் ஊளையிடும், கதவு தானாகத் திறக்கும் என்று நினைப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இது பட்டப்பகலில், பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தபோது நடந்தது. நடந்தது என் தங்கச்சி புருஷனுக்கு. நானும் கூட இருந்தேன். கதை கட்டி எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

மாப்பிள்ளை டூவீலர் மெக்கானிக். பேச்சில் ஊரையே விற்றுவிடுவார். வேலையில் மட்டும் விளையாட்டு கிடையாது. பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் முதலில் ஒரு சுற்று சுற்றி வருவார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் இறங்கியிருந்தால், செருப்புக் காலாலேயே ‘டக்... டக்...’ என்று இரண்டையும் மடக்கிவிடுவார். குனிந்து வேலை செய்யும்போது முழங்காலைப் பதம் பார்த்துவிடும் என்பதற்காக. அதற்குப் பிறகுதான் வண்டிக்குத் தண்ணீர் அடிப்பார். இதெல்லாம் அவர் யோசித்துச் செய்வதில்லை, கால் அதுவாகச் செய்யும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அடிபட்ட வண்டி ஒன்று வந்தது. முந்தின நாள் இரவு வாய்க்கால் ரோட்டு வளைவில் சறுக்கியதாம். ஓட்டிய பையன் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான்.

“தம்பி தனியாத்தான் போயிருக்கான். கண்ணு முழிச்சதும் வண்டியத்தான் கேப்பான். சீக்கிரம் முடிச்சுக் குடுங்க” என்றார் அவனுடைய அண்ணன்.

மாப்பிள்ளை சுற்றி வந்தார். பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் இறங்கியிருந்தன. டக்... டக்... மடக்கினார். தண்ணீர் அடித்தார்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், இரண்டும் மறுபடி இறங்கியிருந்தன. ஸ்பிரிங் லூஸாகியிருக்கும் என்று திரும்பவும் மடக்கினார்.

சாயங்காலம் ஹேண்டில்பார் மாற்றி, ஃபோர்க்கை நேராக்கி, ட்ரையல் பார்க்கக் கிளம்பினார். வண்டியின் பின்பக்கம் கனத்தது. பள்ளத்தில் இறங்கினால் இரண்டு பேரை ஏற்றியது போல அமுங்கியது. வாய்க்கால் ரோடு பிரிகிற இடம் வந்ததும் வண்டி இடது பக்கம் இழுத்தது. வாய்க்கால் பக்கம். ஃபோர்க்கைத் திட்டிக்கொண்டே வலது பக்கம் ஒடித்தார்.

அப்போது பின்னாலிருந்து இரண்டு கைகள் அவர் மார்பைச் சுற்றி இறுக்கின.

பிரேக்கை மிதித்தார். வண்டியோடு விழுந்து, தார் ரோட்டில் தேய்ந்துகொண்டே போனார்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஈசிஜியும் நன்றாக இருந்தது. “தசையில அடி. அசையாம ரெஸ்ட் எடுங்க” என்று டாக்டர் வலி மாத்திரை கொடுத்தார். ஆனால் அந்த வலி அடிபட்ட இடத்தில் இல்லை. இரண்டு அக்குளுக்குக் கீழேயும் தொடங்கி, விலாவைச் சுற்றி வந்து, நடுமார்பில் ஒன்றுசேர்ந்தது. மூச்சை இழுத்தால் இன்னும் இறுகியது.

“மச்சான், இது வலியே இல்ல. யாரோ என்னப் புடிச்சிருக்காங்க.”

“என் தங்கச்சிதான் புடிச்சிருப்பா. மாத்திரையப் போட்டுட்டுப் படுங்க மாப்ள” என்று நான் சிரித்தேன். அதுதான் நான் கடைசியாகச் சிரித்தது.

சனிக்கிழமை, உச்சி வெயில் நேரம். ஜன்னல் சாத்தி, திரை போட்டு, அறை இருட்டாக இருந்தது. மாப்பிள்ளை கண்களைக் கையால் மூடிக்கொண்டார்.

“வெயில் மூஞ்சியில அடிக்குது...”

தங்கச்சி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“எதுக்கு?”

“நீங்கதானே தண்ணி தண்ணின்னு கேட்டீங்க?”

“நான் வாயே தொறக்கலயே.”

எனக்கும் கேட்டிருந்தது. தெளிவாக. ஆனால் அது மாப்பிள்ளையின் குரல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் இரண்டு மணி. “கால்ல எறும்பு... தட்டிவிடு... தட்டிவிடு...” என்று கத்தினார். போர்வையை உதறினோம். ஒரு எறும்புகூட இல்லை. காலில் மட்டும் சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது.

பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றது. அப்போதுதான் கேட்டோம். கட்டிலில் இரண்டு மூச்சு...

ஒன்று மாப்பிள்ளையுடையது. இன்னொன்று மெதுவாக, கரகரவென்று, அவர் முதுகுப் பக்கமிருந்து.

மாப்பிள்ளை தன் மூச்சை அடக்கினார்.

இன்னொன்று நிற்கவில்லை.

“வி...ட்டுட்டு... போ...யிடாத...”

தங்கச்சிக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. கட்டிலுக்குப் பின்னால் போய் நின்று கத்தினாள். “யாரா இருந்தாலும் போயிடு! உன் கால்ல விழறேன், எனக்கு இருக்கிறது இவர் ஒருத்தர்தான். என் புருஷன விட்டுட்டுப் போயிடு!”

மூச்சு கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி தொடங்கியது.

திங்கட்கிழமை விடியற்காலை, ஐந்து மணிவாக்கில் பிடி இறுகியது. மாப்பிள்ளையின் கண் செருகிவிட்டது.

அவ்வளவுதான், போய்விட்டார் என்று நினைத்தேன்.

பிறகு பிடி விட்டது. ஒவ்வொரு விரலாக விட்டதை எண்ண முடிந்தது என்றார்.

வலி போன இடம் தெரியவில்லை. மாப்பிள்ளை எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். தங்கச்சி அழுதுகொண்டே சிரித்தாள். தெருவில் நாலு வீட்டுக்கு மிட்டாய் கொடுத்தாள். பத்து மணிக்கு, கேட்காமல் அடம்பிடித்தவரை நானே பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

அந்த வண்டி ஓரமாக நின்றது. பின் ஃபுட்ரெஸ்ட் இரண்டும் இறங்கியிருந்தன. மாப்பிள்ளை வழக்கம்போல் காலைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து பட்டறை முதலாளி போனும் கையுமாக ஓடி வந்தார். “அந்தப் பையன் கண்ணு முழிச்சிட்டானாம். முழிச்சதும் கேட்டானாம், பின்னாடி ஒக்காந்து வந்தவர் எங்கன்னு...”

மாப்பிள்ளையின் கால் அந்தரத்திலேயே நின்றது.

“ஆள் ஒக்காந்தாத்தானே இது எறங்கும், மச்சான்” என்றார். “நான் பாத்தேன். பாத்துட்டு மடக்கிட்டேன்.”

வாய்க்கால் ரோட்டுக்கு ஓடினோம். ஆளுயர நாணல், அதற்குக் கீழே வறண்ட வாய்க்கால். உச்சி வெயில் நேராக விழுகிற இடத்தில் அவர் கிடந்தார். தொழிற்சாலை வாட்ச்மேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு லிஃப்ட் கேட்டவர். தனிக்கட்டை, அதனால் யாரும் தேடவில்லை. இரண்டு காலும் ஒடிந்திருந்தன. கால் முழுக்க எறும்பு. கைகள் இரண்டும், யாரையோ கட்டிப் பிடித்திருப்பதுபோல், மார்புக்கு முன்னால் வளைந்து நின்றன.

உடலைப் பார்த்த டாக்டர் சொன்னதைத்தான் இன்றும் ஜீரணிக்க முடியவில்லை. விழுந்ததும் அவர் சாகவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு... உயிரோடு இருந்திருக்கிறார். உயிர் போனது அன்று விடியற்காலைதான். ஐந்து மணிவாக்கில்.

அதாவது, மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் பேயே இல்லை.

அதற்குப் பிறகு மாப்பிள்ளைக்கு வலி வரவே இல்லை. ஒரு தடவையாவது வராதா என்று மார்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தங்கச்சி தினமும் கட்டிலுக்குப் பின்னால், தான் நின்று கத்திய இடத்தில், ஒரு டம்ளர் தண்ணீர் வைக்கிறாள். எடுக்கும்போது அது ஒரு சொட்டுக்கூடக் குறையாமல் அப்படியே இருக்கிறது.