கீழ்வீட்டுத் துக்கம்

எட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு வெளியுறவு அமைச்சர் நான்தான். அறுபதுகளின் கடைசி. மேற்கு ஜெர்மனியின் பான் நகரத்தில், ஒரு ஆய்வுக்கூடத்தில், அப்பா ஏதோ ஒரு பாசியை வளர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பாசிக்கு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. அம்மாவுக்கோ தமிழே போதும் என்ற அபிப்பிராயம். ஆகவே பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் கற்ற ஒரே ஆளான நான்தான் ரொட்டிக் கடைக்காரம்மா, பேருந்து ஓட்டுநர், பல் மருத்துவர் எல்லோரிடமும் பேச்சுவார்த்தை நடத்துவேன். எனக்குப் பிடிக்காத செய்தியை வழியிலேயே அமுக்கிவிடும் அதிகாரமும் அந்தப் பதவியோடு சேர்ந்து வந்தது. பல் மருத்துவர் அடுத்த வாரமும் வரச் சொன்னது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

அந்த ஊரில் வீடு கிடைக்க ஏழு மாதம் அலைந்திருந்தோம். தொலைபேசியில் காலியாக இருக்கும் வீடு, நாங்கள் நேரில் போய் நின்றதும் நிரம்பிவிடும். கடைசியில் ஒரு யூத அம்மாள்தான் தன் மாடியைத் தந்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கலாம். கீழே தனியாகக் குடியிருந்தார். எங்கள் தாளிப்பு வாசனைக்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அவருடைய கண்டிப்பெல்லாம் வணக்கம் சொல்வதில்தான். கண்ணைப் பார்த்து, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முணுமுணுத்தால் மறுபடியும் சொல்ல வைப்பார்.

அந்தக் கோடை விடுமுறையில் அவர் தோட்டத்துச் சிவப்புப் பழச் செடியை நான் மொட்டையடித்தேன். மணிமணியாகக் கொத்தில் தொங்கும், புளிப்பும் இனிப்புமான பழம். ஜாம் செய்ய அவர் காத்துவைத்திருந்தார் என்று தெரிந்தேதான் பறித்தேன். ஒரு கொத்து என்றுதான் ஆரம்பித்தது. மூன்று நாளில் இலை மட்டும் மிச்சம். நான்காம் நாள் காலை நான் படியிறங்கியபோது அவர் கதவருகே நின்றிருந்தார். அதுவரை சொன்னதிலேயே தெளிவான வணக்கத்தை அன்றைக்குத்தான் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மேலே ஓடிப்போய், கீழ்வீட்டம்மா பேசமாட்டேன் என்கிறார் என்று மட்டும் சொன்னேன். செடியைப் பற்றி மூச்சு விடவில்லை. அப்பா வேலைக்குக் கிளம்பி இறங்கினார். போன வேகத்தில் திரும்பி வந்தார். அவருக்கும் அதே மரியாதைதான் கிடைத்திருந்தது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லப் போகிறார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மறுபடியும் ஏழு மாதம் என்றால் தன்னால் முடியாது, ஊருக்கே போய்விடலாம் என்றார். என் ஒருத்தியின் நாக்குச் சபலத்தால் குடும்பமே தெருவுக்கு வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. பயம் என்றால் அப்படியொரு பயம்.

அம்மா மட்டும் பதறவில்லை. குப்பை கொட்டுவதுபோல் கீழே போய், திறந்திருந்த கதவு வழியாகப் பார்த்துவிட்டு வந்தாள். அந்த அம்மாள் நாற்காலியில் உட்காராமல் கால் வைக்கும் குட்டை முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாராம். காலில் துணிச் செருப்பு. தலை வாரவில்லை. கண் சிவந்திருக்கிறது. அடுப்படியில் சத்தமே இல்லை. இதற்குமேல் என்ன வேண்டும், யாரோ செத்துப்போயிருக்கிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். துக்கத்தில் இருப்பவரிடம் போய் அப்பனும் மகளும் வணக்கம் சொன்னீர்களே என்று எங்களுக்குத் திட்டும் விழுந்தது.

இந்த நாட்டில் அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகக் கூடாது, சாவைக்கூட அட்டை அச்சடித்துத்தான் சொல்வார்கள், நாமாகப் போய் நின்றால் இன்னும் வம்பு என்று அப்பா மன்றாடினார்.

"துக்க வீட்டுக்கு வெத்தல பாக்கு வச்சா கூப்பிடுவாங்க?" என்றாள் அம்மா.

அரிசிக் கஞ்சி வைத்து எவர்சில்வர் தூக்கில் ஊற்றிக்கொண்டாள். மறுகையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். தூக்குமேடைக்குப் போகிறவளாட்டம் நான் இறங்கினேன்.

அம்மா வணக்கம் சொல்லவில்லை. வாசலில் செருப்பை விட்டாள், தூக்கை ஓரமாக வைத்தாள், தரையில் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் எங்களை வியப்போடு பார்த்தார். அவர் கையில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. அப்புறம் தூக்கைப் பார்த்து, இன்றைக்கு மாலை நட்சத்திரம் தெரியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றார். நான் சொன்னேன். துக்கமும் விரதமும் ஒரே நாளிலா என்று அம்மா குழம்பினாள். யார் தவறியது என்று கேட்கச் சொன்னாள்.

யாரும் இல்லை, ஒரு வீடுதான் எரிந்தது என்றார் அவர். ஜெருசலேமில் அவர்களுடைய கோயில், இதே நாளில். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆயிற்றாம். எண்ணில் ஏதோ பிசகு என்று நான் மறுபடி கேட்டேன். அதே கணக்குத்தான் வந்தது. கல்லுக்காகவும் தங்கத்துக்காகவும் அழவில்லை, கடவுள் மனிதர்களுக்கு நடுவே குடியிருந்த வீடு அது என்றார். அந்த ஊர்க்காரர்கள் காரணமே இல்லாமல் ஒருவரையொருவர் வெறுத்தார்கள், அதனால்தான் வீடு போயிற்று, அந்த வெறுப்பு இன்னும் உலகத்தில் இருக்கிறது, அதனால் துக்கமும் முடியவில்லை என்றார். எனக்கு ஒரே நிம்மதி. இதில் பழச்செடி எங்குமே வரவில்லை. உற்சாகமாக மொழிபெயர்த்தேன்.

அம்மாவுக்கு அந்த வருஷக் கணக்கு பெரிதாகப் படவில்லை. அவளுக்கு வேறு கவலை.

"அப்ப சாமி எங்க போச்சுன்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மாள் புத்தகத்தை மூடினார்.

"எங்களோடு வெளியேறிவிட்டார்," என்றார். "நாங்கள் துரத்தப்பட்ட ஊரெல்லாம் கூடவே வந்தார். அவருக்கும் வீடில்லை. கடைசியாக எங்கள் வீட்டில் ஏழு பேரை ரயிலில் ஏற்றினார்கள். இதிலும் அவர் இருக்கிறார் என்றார் என் அப்பா. இறங்கிய இடத்தில் நான் தேடினேன்."

அதோடு நிறுத்திக்கொண்டார். ஏழு பேர் ரயிலில் போனார்களாம், சாமியும் கூட வந்ததாம், இறங்கினதும் காணோமாம் என்று ஏதோ உல்லாசப் பயணத்தைச் சொல்வதுபோல் சொல்லி முடித்தேன். அம்மா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசையருகே ஒரே நாற்காலி. அலமாரியில் ஒரே கோப்பை.

"மத்த ஆறு பேரு எங்கன்னு கேளு," என்றாள் மெதுவாக.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே, இலை மட்டும் மிஞ்சிய அந்தச் செடி. அடுத்த பேச்சு அதுதான் என்று என் மண்டைக்குள் மணி அடித்தது. என் பதவிக்குரிய அதிகாரத்தைப் பயன்படுத்தினேன். அம்மாவிடம், அவருக்குத் தலை வலிக்கிறதாம், நம்மைப் போகச் சொல்கிறார் என்றேன். அவரிடம், அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருக்கிறாள், உடனே போக வேண்டும் என்றேன். இரண்டு பேரும் நம்பினார்கள். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அம்மா பேசாமல் எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை அந்த அம்மாள் கண்ணைப் பார்த்து வணக்கம் சொன்னார். தூக்கைக் கழுவிக் கொடுத்தார். இந்த வருஷம் பறவைகள் ஒரு பழம்கூட விட்டுவைக்கவில்லை, ஜாமுக்கு வழியில்லை என்று சிரித்தார். செடியைப் பற்றி அவ்வளவுதான். அப்பா நிம்மதியாகப் பாசிக்குத் திரும்பினார். இன்னும் இரண்டு வருஷம் அதே மாடியில் இருந்தோம். அந்த ஆறு பேரைப் பற்றிய பேச்சு மறுபடி எழவில்லை. தலைவலி என்று எழுப்பிவிட்டவரிடம் திரும்பக் கேட்பது மரியாதையில்லை என்று அம்மா இருந்துவிட்டாள்.

மதுரைக்குத் திரும்பி, கல்லூரியில் சேர்ந்த பிறகுதான், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு ஏற்றிப்போன அந்த ரயில்களைப் பற்றிப் படித்தேன். புத்தகத்தை வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். பானில் எங்கள் தெருவில் அந்த அம்மாளின் வயதுக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். தினமும் கண்ணைப் பார்த்து வணக்கம் சொல்லிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவராவது அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாரா என்று தெரியவில்லை. கேட்டது என் அம்மா. தமிழில் கேட்டாள், அது என்னோடு நின்றுவிட்டது.

எனக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகு ஒருநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி, அப்ப அந்தம்மா, நான் கேக்கவே இல்லன்னுல்ல நெனச்சிருப்பாங்க," என்றாள்.