பொற்கொடி கெடுத்த வாடகை

பொற்கொடி சிரித்துப் பார்த்தவர்கள் கம்மாபுரம் சாலையில் யாருமில்லை. பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துச் சமையல்காரி. ஒரு கையில் கரண்டி, மறு கையில் கோபம். நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்த கணவன் செத்தபோது அழ நேரமில்லாமல் திட்ட ஆரம்பித்தவள், இன்னும் நிறுத்தவில்லை.

காப்பகத்தை நடத்துவது ஓர் அறக்கட்டளை. தலைவர் ஆனந்த்ராஜ். கட்டடம் அவர் மனைவி பெயரில். நன்கொடையில் பெரும்பங்கு அந்த வாடகைக்கே போனது. வாடகை ஏற ஏற, பிள்ளைகள் தட்டிலிருந்து முட்டை இறங்கிவிட்டது.

"முட்ட எங்க சார்?"

"ஃபண்டு இல்லம்மா."

"உங்க வூட்டு வாடகைக்கு மட்டும் கோழி முட்ட போடுதா?"

"இஷ்டம்னா இரு, இல்லன்னா நட."

ஒருநாள் வருமான வரி அதிகாரி வந்தார். சமையலறையில் பொற்கொடியிடம் தாம் யாரென்று சொல்லிவிட்டுத்தான் தெருவுக்குப் போனார். தர்மத்துக்கு வரி கிடையாது. தர்மக் காசு தலைவர் வீட்டுக்கே திரும்பினால் அந்தச் சலுகையும் கிடையாது. வாடகை நியாயமா என்று பார்க்க வேண்டும். டீக்கடையில் கேட்டார்: "இங்க இந்த மாதிரி கட்டடம் என்ன வாடகைக்குப் போவும்?"

கேட்டிருக்கக் கூடாது. சுரங்கத்துக்கு நிலம் எப்போது போகுமோ என்று காத்திருக்கும் தெரு அது. பையோடு வந்து விலை விசாரிப்பவர் எவரானாலும் நஷ்டஈடு எழுத வந்தவர்தான். ஒன்றை ஐந்தாகச் சொல்வது அங்கே எழுதாத சட்டம்.

"முப்பதாயிரம் சார்," என்றார் டீக்கடை குழந்தைவேல்.

"நாப்பது குடுக்கவே ஆளு நிக்கிது," என்றாள் எதிர்வீட்டு உமாராணி. "முருங்க மரம் தனிக் கணக்குங்க."

அதிகாரியோடு வந்திருந்த ஆனந்த்ராஜ் கை கட்டிப் புன்னகைத்தார். அவர் மனைவி வாங்குவதும் முப்பதாயிரம்தான்.

பொற்கொடி கரண்டியோடே பாய்ந்து வந்தாள். "அத்தனையும் பொய்யிங்க! பக்கத்துல இதே அளவு கட்டடத்த, இந்தக் குழந்தைவேலே மாவு மில்லுக்கு ஆறாயிரத்துக்கு வுட்டிருக்காரு. மில்லுக்காரரையே கேளுங்க."

"வாய மூடுடி! நஷ்டஈடு கொறஞ்சா நீயா குடுப்ப?" என்று கத்தினார் குழந்தைவேல்.

"மொதல்ல காப்பகத்துல சாப்புடற உம் பேத்திக்கு முட்ட வரட்டும்யா!"

அதிகாரி மில்லுக்கு நடந்தார். ஆனந்த்ராஜின் புன்னகை பின்னாலேயே போய்ப் பாதி வழியில் விழுந்துவிட்டது.

சலுகை போகும் என்று நோட்டீஸ் வந்ததும் வாடகை ஆறாயிரமானது. அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கட்டுவதாக ஆனந்த்ராஜ் எழுதிக் கொடுத்தார். பொற்கொடியை வேலையிலிருந்து நிறுத்தவும் பார்த்தார். அந்தச் சம்பளத்துக்கு வேறு யார் வருவார்கள்?

தெரு அவளோடு பேசுவதில்லை. குழந்தைவேல் டீ கொடுப்பதில்லை. அவர் பேத்தி அபி மட்டும் தட்டோடு முதல் ஆளாக நிற்கிறாள்.

"உங்க தாத்தா பேசுன பேச்சுக்கு ஒனக்கு முட்டையே கெடையாது, போடி!"

திட்டிக்கொண்டே, ஒரு முட்டையைத் தட்டில் வைக்கிறாள் பொற்கொடி. இன்னொன்றைச் சோற்றுக்கு அடியில் ஒளிக்கிறாள்.