சல்லடைக் கால்

என்ன வேலை என்று யாராவது கேட்டால், "தேய்க்கிறேன்" என்பார். பாத்திரமா, துணியா என்று அடுத்த கேள்வி வரும். "மனுஷ எலும்பு" என்றதும் கேட்டவர் ஒரு நாற்காலி தள்ளி உட்காருவார். மருத்துவக் கல்லூரியின் பின்பக்கத்து அறையில், தானமாக வந்த எலும்பை வில்லையாக அறுத்து, வெளிச்சம் ஊடுருவும் வரை உப்புத்தாளில் தேய்த்துக் கண்ணாடியில் ஒட்டுவதுதான் அவர் பிழைப்பு. அதைவிட அழகான பொருள் உலகத்திலேயே கிடையாது என்று சத்தியம் செய்வார். அந்தப் பெருமையே வினையாக வந்தது.

தையல் கடை வைத்திருக்கும் அவருடைய அக்கா குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டுப் பிரித்ததும் டாக்டர், "நல்லா ஊன்றி நடங்க. சும்மா வெச்சிருந்தா எலும்பு மெலிஞ்சுடும்" என்றார். அக்காவுக்கோ பயம். தைரியம் ஊட்டுகிறேன் பேர்வழி என்று தம்பி, கல்லூரியில் சொல்லிவிட்டு ஒரு பழைய மைக்ராஸ்கோப்பை வீட்டுக்கே தூக்கிவந்து, தன் கைவண்ணத்தைக் காட்டினார்.

"அடப்பாவி! முழுக்க ஓட்டையாடா?"

"அது ரத்தம் போற வழிக்கா..."

"இந்தச் சல்லடைய நம்பியா இத்தனை நாள் நின்னேன்?"

அதோடு சரி. கட்டிலை விட்டு இறங்கமாட்டேன் என்றுவிட்டாள். கடைக்குப் பூட்டு. கைத்தாங்கலாகத் தூக்கினால்கூடக் காலை மடக்கிக்கொள்வாள். அந்தக் கால் நாளுக்கு நாள் சூம்புவதைப் பார்த்துத் தம்பிக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஒரு மதியம், பொழுது போகாமல் அக்காவே கட்டிலருகே கிடந்த மைக்ராஸ்கோப்பில் மறுபடி கண்ணை வைத்தாள்.

"ஏன்டா, ஓட்டையச் சுத்தி வளையம் வளையமா இருக்கே?"

"அடுக்குக்கா. ஒரு அடுக்குல நார் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், அடுத்ததுல வேற பக்கம். விரிசல் விட்டாலும் நேரா ஓடாது, திணறிப்போகும்."

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன? கோட்டு காலர்டா இது! மேல நேர் துணி, அடியில கிராஸா, சாய்ச்சு வெட்டினது. எவ்வளவு இழுத்தாலும் தொங்காது."

"காலரும் எலும்பும் ஒண்ணாக்கா? அது சும்மா ரெண்டு துணிதானே."

வாய் தவறித்தான் சொன்னார். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. தொழிலைக் குறை சொன்னவர் யாரையும் அவள் லேசில் விட்டதில்லை.

"சும்மா ரெண்டு துணியா?" அறையின் அந்தக் கோடியில் ஆணியில் தொங்கிய கோட்டை உருவிவந்து, காலரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இழு பாப்போம்! பலங்கொண்ட மட்டும் இழு!"

அவர் இழுக்கவில்லை. கண் கலங்கிவிட்டது.

"அக்கா, நீ நடந்துட்ட."

"பேச்ச மாத்தாதடா. இழு."